செலினின் மூக்கும் என் வாயும்

போன மாதம் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சும்மா கரகரப்பு இல்லை. சுத்தமாகச் சத்தம் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது. ‘ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது’ என்று டாக்டர் சொன்னபோது, பக்கத்தில் நின்ற எங்க வீட்டுக்காரர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது பாருங்கள்... கல்யாணத்தன்றுகூட அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. சரி, போகட்டும். முப்பத்திநாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிற மனுஷர். அவருக்கும் ஒரு வாரம் லீவு வேண்டாமா?

தொண்டை கட்டிய கதையைச் சிரிக்கச் சிரிக்க எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. அந்த ஒரு வாரத்தில் நடந்தது சிரிக்கிற விஷயமாக இல்லை. மூன்று வாரமாக இந்தப் பத்திரிகைப் பத்தியில் மழை, மிக்சி ரிப்பேர், மருமகள் செய்த கேக் என்று எதையெதையோ எழுதி ஒப்பேற்றினேன். ‘என்னம்மா, சப்பென்று இருக்கிறதே’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். எழுத வேண்டியதை எழுதாமல் ஒளிந்துகொண்டிருந்தேன். காரணம் — வெட்கம்.

செலினைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள் செலின். மணக்குடிக்காரி. வயது நாற்பத்தெட்டு. விடிந்ததும் கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தில் போட்டு, பஸ் ஏறி நாகர்கோவில் வந்து, தலைச்சுமையாகத் தெருத் தெருவாக விற்பாள். எங்கள் வீட்டுக்குப் பதினோரு வருஷப் பழக்கம்.

இந்தப் பக்கத்தில் மீன்காரி என்றால் வந்து விற்றுவிட்டுப் போகிற ஆள் இல்லை. வாடிக்கை என்று ஒன்று உண்டு. இந்த வீட்டுக்குச் சாளை பிடிக்கும், அந்த வீட்டில் நெத்தோலிதான் இறங்கும், அடுத்த வீட்டில் செவ்வாய், வெள்ளி மீன் பேச்சே எடுக்கக்கூடாது... எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நாமும் வேறு ஆளிடம் வாங்க மாட்டோம். வாங்கினால் அவள் முகம் வாடிவிடும். மருமகளைப் பெண் பார்க்கப் போனதுகூட எங்கள் சொந்தக்காரர்களுக்கு முன்னால் செலினுக்குத்தான் தெரியும்.

நாலு மாதம் முன்பு ஒருநாள் அயலை கொடுத்துவிட்டுப் போனாள். அடுக்களையில் வைத்து வெட்டினால்... குடலைப் புரட்டுகிற நாற்றம். எனக்கே தெரிகிற அளவுக்கு நாற்றம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என் மூக்கின் லட்சணம் உங்களுக்குத் தெரியுமே!

எனக்குக் கோபம் வந்தால் கால் நிற்காது. மீன் சட்டியோடு கேட்டுக்கு ஓடினேன். செலின் அதற்குள் நாலு வீடு தள்ளிப் போயிருந்தாள்.

“ஏட்டி செலின்! இத மோந்து பாத்துத்தான் தந்தியா? மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லியா உனக்கு?”

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வெண்கலத் தொண்டை. தெருவில் ஜன்னல்கள் திறந்தன. ஒரு வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். செலின் திரும்பி வந்தாள். சட்டியை வாங்கி, மீனைச் சருவத்தில் கொட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ‘நல்ல மீன்தான்கா’ என்று ஒரு மல்லுக்கட்டாவது வேண்டாமா? மீன்காரி சண்டை போடாமல் போனால் அதில் என்னவோ இருக்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் ஜெயித்த மிதப்பில் இருந்தேன்.

அடுத்த வாரம் எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் அவளிடம் வாங்குவதை நிறுத்தின. அதற்கடுத்த வாரம் இன்னும் இரண்டு.

அதற்குப் பிறகு ஒருநாள் செலின் வந்து, சருவத்தை இறக்கி வைத்துவிட்டு, மெல்லச் சொன்னாள்.

“அக்கா, ஒரு காரியம் சொல்லணும். கொஞ்ச மாசமாட்டு எனக்கு மூக்கு சரியில்ல. மீனுக்க மணம் நேராத் தெரியமாட்டேங்கு. எல்லாமே ஒரு மாதிரி...”

அவளை முடிக்க விட்டேனா?

“சைனஸ்!” என்றேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும். சைனஸ் என் சொந்த ஏரியா. இதே பத்தியில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஆவி பிடித்தது, நொச்சி இலை, மூக்கைக் கழுவுகிற கெண்டி, எல்லாவற்றுக்கும் மேலாகத் திருவனந்தபுரத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்த வீரப் பிரதாபம்... அந்தக் குழாய்க்குள் நாற்பது நிமிஷம் படுத்திருந்ததை இரண்டு வாரம் எழுதினேன்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த நோய்க்கும் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டினால்தான் மரியாதை. இங்கே எத்தனை நல்ல டாக்டர் இருந்தாலும் சரி, ‘திருவனந்தபுரத்துல காட்டியாச்சு’ என்று சொன்னால்தான் சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் எக்ஸ்ரே என்பார். அடுத்தவர், ‘சி.டி. எடுக்கல்லியா மக்கா?’ என்பார். மூன்றாவது ஆள், ‘எங்களுக்கு எம்.ஆர்.ஐ.யே எடுத்தாச்சு’ என்று அவியலைப் பிசைவார். அதற்கு மேல் பேச்சே இல்லை. நோய்க்கு ஏற்ற ஸ்கேனா எடுக்கிறோம்? அந்தஸ்துக்கு ஏற்ற ஸ்கேன்!

என் எம்.ஆர்.ஐ.யில் என்ன வந்தது என்று கேட்கிறீர்களா? ‘உள் சவ்வு லேசாக வீங்கியிருக்கிறது. சாதாரண ஜலதோஷக்காரருக்கும் இப்படித் தெரியும்’ என்று வந்தது. அதை மட்டும் நான் எழுதவில்லை.

சரி, இவ்வளவு அனுபவசாலி ஒருத்தி இருக்கும்போது செலின் ஏன் கஷ்டப்பட வேண்டும்? தெருவில் வைத்துக் கத்திய குறுகுறுப்பும் உள்ளே இருந்தது. நானே கூட்டிப் போகிறேன் என்று கிளம்பினேன்.

“ஆஸ்பத்திரியில எனக்கு டிக்கெட் போட்டுத் தந்தா நானே போய்க்கிடுவேன்கா” என்றாள்.

“நீ பேசுறது அந்த டாக்டருக்குப் புரியாதுட்டி. அவங்க மதுரைக்காரங்க. நான் சொல்லிக்கிடுதேன்.”

கடற்கரைக்காரர்கள் பேச்சு கொஞ்சம் வேகம். ஒரு ராகம் வேறு இருக்கும். அது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது என்று, வயல் பக்கத்து ஆட்களாகிய எங்களுக்கு ஓர் எண்ணம். அதனால் தமிழுக்கும் தமிழுக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளராகப் போய் உட்கார்ந்தேன். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர் சின்ன வயதுப் பெண். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். என்னைப் பார்த்ததும், “நீங்க... அந்தப் பத்தி எழுதறவங்கதானே? எங்க அத்தை வாராவாரம் படிச்சுட்டு எனக்குச் சொல்லுவாங்க!” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நிமிஷம் என் பத்தியைப் பற்றியே பேசினோம். செலின் நடுவில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்தே கேட்க ஆரம்பித்தார்.

“எத்தனை நாளா இருக்கு?”

“ஒரு வருஷமா இருக்கும் டாக்டர்.” சொன்னது நான்.

“மூக்கடைப்பு ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும்தான்.” நான்தான்.

எப்படிச் சொன்னேன்? செலின் சொன்னாளா? இல்லை. எனக்கு இரண்டு பக்கமும் அடைக்கும். சைனஸ் என்றால் இரண்டு பக்கமும்தானே அடைக்கும்! வேறு மாதிரி ஒரு சைனஸ் உலகத்தில் இருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

“டாக்டர், இந்த மேல்பல்லு...” என்று செலின் கன்னத்தில் கை வைத்தாள்.

“பல்லுக்கு வேற டாக்டர் இருக்காவ செலின். இவங்க மூக்கு” என்றேன்.

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். செலினும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “கேமரா டியூப் ஒண்ணு விட்டுப் பாத்துடலாமா?” என்றார் டாக்டர். “ஐயோ, அவ பயந்துருவா” என்றேன். பிறகு என் அனுபவத்தை எல்லாம் திரட்டி, “ஸ்கேன் ஒண்ணும் வேண்டாம்தானே டாக்டர்?” என்று கேட்டேன்.

“ரெண்டு பக்கமும்னா உடனே தேவையில்லம்மா. முதல்ல ஸ்ப்ரே, உப்புத்தண்ணியில மூக்கைக் கழுவறது... ரெண்டு மாசம் ஒழுங்கா பண்ணட்டும். அப்பவும் கேக்கலைன்னா சி.டி. எடுக்கலாம்” என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எடுத்தவுடன் ஸ்கேன் எழுதாத நல்ல டாக்டர். அவரிடம் போய்ச் சேர்ந்த தகவல்தான் தப்பு. நோய் ஒருத்தியுடையது, பதில் இன்னொருத்தியுடையது.

வெளியே வந்து, “பாத்தியா, ஸ்கேனே இல்லாம முடிச்சுத் தந்தேன்!” என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். “ஆமாக்கா” என்றாள் செலின். எனக்கு இதெல்லாம் எழுத எழுதக் காது சுடுகிறது.

செலின் சொன்னபடி ஸ்ப்ரே அடித்தாள், மூக்கைக் கழுவினாள். ஒரு மாதம் போயிருக்கும். கேட்டில் நின்று சொன்னாள்.

“அக்கா, சளியில ரெத்தம் கலந்து வருது.”

“ஸ்ப்ரே அடிச்சா அப்படித்தான்டி வரும். எனக்கும் வந்துச்சு. நடுவுல அடிக்காம ஓரமாச் சாய்ச்சு அடி.”

இதுவும் முழுப் பொய் இல்லை. ஸ்ப்ரேயால் ரத்தம் எட்டிப் பார்ப்பது உண்டு. முக்கால்வாசி சரியான வைத்தியம் சொல்கிறவர்கள்தான் ஊரில் பெரிய ஆபத்து. முழுத் தப்பாகச் சொன்னால் யாராவது சந்தேகப்படுவார்கள். செலின் என்னைச் சந்தேகப்படவில்லை. “சரிக்கா” என்று சொல்லிவிட்டுச் சருவத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இரண்டு மாதம் முடிந்து, டாக்டர் திரும்ப வரச் சொன்ன நாள் வந்தது. அந்த வாரம்தான் எனக்குத் தொண்டை கட்டியது.

“உனக்குத்தான் பேச முடியாதே... நீ போய் என்ன செய்யப்போற?” என்றார் எங்க வீட்டுக்காரர்.

‘துணைக்கு’ என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். நோட்டும் பேனாவும் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன். சும்மா இருப்பேனா?

டாக்டர் வழக்கம்போல என்னைத்தான் பார்த்தார். நான் தொண்டையைத் தொட்டுக் கையை விரித்தேன். அவர் வேறு வழியில்லாமல் செலின் பக்கம் திரும்பினார். இரண்டு மாதத்தில் முதல் தடவை.

“சொல்லுங்கம்மா. இப்ப எப்படி இருக்கு?”

“கொறையல்ல டாக்டர். இந்த வலது பக்கம் மட்டும்தான். குனிஞ்சா இந்தக் கன்னம் கல்லு கெட்டுன மாதிரிக் கனக்கும். சளி மஞ்சளா வரும், பிணம் மாதிரி நாறும். ஒரு மாசமாட்டு ரெத்தம் சேந்து வருது. இடது பக்கம் ஒண்ணும் இல்ல, நல்லா காத்துப் போவுது.”

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்டர் ஒரு சொல்லையும் திரும்பக் கேட்கவில்லை. எல்லாம் புரிந்தது அவருக்கு.

எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். பழைய சீட்டைப் புரட்டினார்.

“ரெண்டு பக்கமும்னு அன்னைக்குச் சொன்னீங்களே?”

“நான் சொல்லல்ல டாக்டர். அக்கா சொன்னாவ.”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. இன்றைக்கு மீன் எந்தக் கரையில் எடுத்தது என்று கேட்டால் பதில் சொல்வாளே, அந்தக் குரல். அந்த ஏ.சி. அறையில் எனக்கு வேர்த்தது. டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடக் கொஞ்சம் தேவலை.

டியூப் விட்டுப் பார்த்தார். ‘பயந்துருவா’ என்று நான் சொன்னவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வலது பக்கம் உள்ளே சீழ் இறங்குவது சின்னத் திரையில் தெரிந்தது.

“சி.டி. எடுத்துடலாம். இன்னைக்கே” என்றார் டாக்டர்.

இந்த இடத்திலாவது நான் அடங்கியிருக்க வேண்டாமா? நோட்டை எடுத்து, ‘எம்.ஆர்.ஐ. நல்லதில்லையா? ரேடியேஷன் இல்லையே?’ என்று எழுதி நீட்டினேன். சவம், சில பேருக்குத் தொண்டை போனாலும் புத்தி வராது.

டாக்டர் நோட்டைப் படித்தார். பதிலைச் செலினிடம் சொன்னார்.

“எக்ஸ்ரேல ஒரு நிழல் தெரியும்மா, ஏன் நிழல்னு தெரியாது. எம்.ஆர்.ஐ. சதையை நல்லாக் காட்டும். ஆனா எனக்கு இப்பப் பாக்க வேண்டியது எலும்பு. கன்ன எலும்புக்குள்ள ஒரு காத்து அறை இருக்கு. அதோட சுவர் நல்லா இருக்கா, அரிச்சிருக்கா, கீழ பல் வேர் எப்படி இருக்கு... அதுக்கு சி.டி.தான். ஊசிகூட வேண்டாம், அஞ்சு நிமிஷம். அதுல சுவரைத் தாண்டி ஏதாவது போயிருக்குன்னு தெரிஞ்சா, அப்ப எம்.ஆர்.ஐ. எடுக்கணும். ரெண்டு பக்கமும் அடைப்புன்னா மருந்து கொடுத்துப் பொறுத்துப் பாக்கலாம். ஒரே பக்கம், கூட ரத்தம்னா நாங்க காத்திருக்க மாட்டோம்.”

“மனசிலாச்சு டாக்டர். சாளைக்குப் போடுத வலைய நெய்மீனுக்குப் போட ஒக்குமா?” என்றாள் செலின்.

“அதேதான்” என்றார் டாக்டர்.

இரண்டு வாரம் எம்.ஆர்.ஐ. புராணம் எழுதிய எனக்கு விளங்காதது, அவளுக்கு ஒரே வாக்கில் விளங்கிவிட்டது.

ஸ்கேன் சென்டரில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். வழக்கமாக இருந்தால் நான் அந்த ஒன்றரை மணி நேரமும் ஆறுதல் சொல்லியே அவளைக் கொன்றிருப்பேன். அன்றைக்கு வாய் இல்லை. செலின் பேசினாள். நான் கேட்டேன்.

“அக்கா, மணம் தெரியல்லன்னு மட்டும் நான் சொல்ல வரல்ல. நாத்தம் போகமாட்டேங்குன்னுதான் சொல்ல வந்தேன். எட்டு மாசமா எப்பவும் ஒரு அழுகின நாத்தம். நல்ல மீனும் நாறும், கெட்ட மீனும் நாறும். பிச்சிப்பூவ மோந்தாலும் அதே நாத்தம். பின்ன எப்படி மீன் பாத்து எடுக்க? கண்ணையும் செவுளையும் பாத்து எடுப்பேன். அடியில கெடக்குத பழசு கண்ணுக்குத் தெரியுமா?”

நான் தலையாட்டினேன்.

“முதல்ல மீனுலதான் நாத்தம்னு நெனச்சேன். ஒரு நாளு நல்ல விளமீன, கெட்டுப்போச்சுன்னு கடல்ல கொட்டிட்டேன். எல்லாரும் கிறுக்கின்னு சொன்னாவ. பொறவு... எனக்க மேலுதான் நாறுதோன்னு தோணிச்சு. ரெண்டு நேரம் குளிச்சேன், மூணு நேரம் குளிச்சேன். பஸ்ஸுல பக்கத்துல ஆளு எந்திச்சுப் போனா, ஆமா, நம்மதான் நாறுதோம்னு நெனப்பேன். கோயில்ல பூசைக்குக் கடைசி வரிசையிலதான் நிப்பேன். மகளுக்க பிள்ளைக்கு ஆறு மாசம். நான் தூக்கதே இல்லக்கா. அது நம்ம நாத்தத்த மோந்துருமோன்னு பயம்.”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு நீங்க தெருவுல வெச்சுக் கேட்டிய, ‘மூக்கு இருக்கா’ன்னு. சரி, இந்த அக்காவுக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டுப் போனேன்.”

எனக்கு அழுகை வந்தது. சத்தம் இல்லாத அழுகை எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நோட்டில் ஏதாவது எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். என்ன எழுத? பதினோரு வருஷம் என் கேட்டுக்கு வந்தவள், எட்டு மாதம் ஓர் ஆள் தாங்க முடியாத வேதனையைச் சுமந்திருக்கிறாள். நான் அவளிடம் வாரம் மூன்று நாள் பேசியிருக்கிறேன். ‘பேசியிருக்கிறேன்’ என்பதுதான் விஷயம்.

அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் குனிந்து என்னிடம் கேட்டாள்.

“அக்கா, இது புத்துநோயா இருந்தா... அந்த ரெண்டு மாசத்துல பெருசாயிருக்குமா?”

நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் உள்ளே போய், அஞ்சு நிமிஷத்தில் வந்துவிட்டாள். அந்த அஞ்சு நிமிஷம் நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். மாதாவையும் விடவில்லை. அவளுக்காக வேண்டினேனா, என் தப்பு பெரிதாகிவிடக்கூடாதே என்று வேண்டினேனா... சத்தியமாகச் சொல்கிறேன், இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் டாக்டர் அறையில் கம்ப்யூட்டர் திரையில் செலினின் முகம் — எலும்பாக. நான் செலினுக்குப் பின்னால், சுவர் ஓரமாக நின்றுகொண்டேன்.

“இது இடது பக்கம். கறுப்பா இருக்கா? காத்து. நல்ல அறை. இது வலது. முழுக்கச் சாம்பல், அடைஞ்சு கிடக்கு. ஆனா சுத்திப் பாருங்க, சுவர் முழுசா இருக்கு. அரிக்கல. இப்பக் கீழ பாருங்க... இது உங்க மேல் கடவாய்ப் பல். அதோட வேர் முனையில சீழ் கட்டி, அறைக்குள்ள உடைச்சுக்கிட்டு இருக்கு. எல்லாத்துக்கும் காரணம் இதுதான்ம்மா. பல்.”

பல்!

செலின் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது அவளுடைய பெரிய மனசு.

“புத்துநோய் இல்லியா டாக்டர்?”

“அதோட அடையாளம் எதுவும் இல்ல. பல்லை எடுத்து, மருந்து கொடுத்து, தேவைப்பட்டா அறையைச் சுத்தம் பண்ணிடலாம். நாத்தம் போயிடும். அது உங்க உடம்போட நாத்தம் இல்லம்மா.”

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் செலின் அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடி ஆடி அழுதாள்.

நான் நோட்டில் எழுதிக் கொடுத்தேன்: ‘அன்றைக்கே சரியாகச் சொல்லியிருந்தால்?’

“அன்னைக்கே சி.டி. எழுதியிருப்பேன்” என்றார் டாக்டர். மழுப்பவில்லை. “பல்லா இருந்தது அதிர்ஷ்டம். வேற ஏதாவதா இருந்திருந்தா ரெண்டு மாசம்ங்கிறது சின்ன விஷயமில்ல. என் மேலயும் தப்பு இருக்குங்க. பேஷன்ட் இவங்க, நான் உங்க முகத்தையே பாத்துக்கிட்டுக் கேட்டுட்டேன்.”

அவர் பங்கை அவர் எடுத்துக்கொண்டார். அதனால் என் பங்கு ஒரு சொட்டும் குறையவில்லை.

பல்லைப் பிடுங்கி, மருந்து சாப்பிட்டு, மூன்றாவது வாரம் செலினுக்கு நாற்றம் போய்விட்டது. முதல் வேலையாக மகள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அது அழ அழ ஒரு மணி நேரம் மோந்துகொண்டே இருந்தாளாம். எனக்கும் தொண்டை திறந்தது. திறந்ததும் செய்த முதல் காரியம், அவளை அடுக்களைக்குக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. குரல் தழுதழுக்க, மிக உருக்கமாகவே கேட்டேன்.

செலின் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

“ஏசினது தெருவுல வெச்சு. மன்னிப்பு மட்டும் அடுக்களையிலயாக்கா?”

சுருக்கென்று இருந்தது. நியாயம்தானே? என் கௌரவம் அரைமணி நேரம் தகராறு பண்ணியது. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு அவளோடு தெருவில் இறங்கினேன். வாங்குவதை நிறுத்திய நாலு வீட்டுக்கும் போய், நடந்ததை வாசலில் நின்று சொன்னேன். இரண்டு வீடு அன்றைக்கே மீன் வாங்கியது. ஒரு வீட்டில், ‘பாப்போம்’ என்றார்கள். நாலாவது வீட்டம்மா, ‘நாங்க இப்ப ஆன்லைன்ல வாங்குதோம்’ என்று கதவைச் சாத்திக்கொண்டாள். போனது முழுக்கத் திரும்பி வருமா? வராது. என் ஒரு கத்தலுக்கு அந்த வலு இருந்தது. மன்னிப்புக்கு அவ்வளவு வலு இல்லை.

இதை எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன்.

“எழுதுங்க.”

“பேர மாத்திரட்டா?”

“என்னத்துக்கு? நான் என்ன களவாண்டேனா? பேரு கெடக்கட்டு. ஆனா அனுப்பதுக்கு முன்ன எனக்கு வாசிச்சுக் காட்டணும்.”

நேற்றுக் காலையில் கார் ஷெட்டில் சருவத்தை இறக்கிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். நான் வாசித்தேன். நாற்பத்தைந்து என்று எழுதியிருந்த வயதை நாற்பத்தெட்டு என்று திருத்தச் சொன்னாள். வயதைக் கூட்டிச் சொல்கிற பெண்ணை நான் முதல்தடவையாகப் பார்க்கிறேன். டாக்டர் நல்ல பிள்ளை, அவரைப் பற்றி மோசமாக எழுதிவிடாதீர்கள் என்றாள். மகள் பிள்ளை வருகிற இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

ஓர் இடத்தில் மட்டும் கையை நீட்டி நிறுத்தினாள். முதல் தடவை டாக்டர் அறையில் நடந்ததை எழுதும்போது, ‘பாவம், செலினுக்குப் பயத்தில் வாய் வரவில்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன்.

“அத வெட்டிருங்கக்கா.”

“ஏன்டி?”

“பயமா? கரையில அம்பது ஆம்பிளையளுக்கு நடுவுல நின்னு கூவி ஏலம் எடுக்குதவ நான். எனக்கு வாய் வந்துச்சு. அன்னைக்கு மூணு தடவ வந்துச்சு, நீங்க எழுதினது ஒரு தடவதான். நீங்கதான் விடல்ல.”

வெட்டிவிட்டேன்.